தக்காளி விலையும் பறிகூலியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தக்காளி விலை வீழ்ந்ததும் விவசாயியையே குறை சொல்கிறோம். நாற்று நட்டு இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்தே காய் பறிக்க முடியும் என்பதால், நடும் நாளின் விலையைத்தான் அவர் கணக்கில் கொள்கிறார்; விலை ஏறியிருக்கும்போது பலரும் ஒன்றாக நட, காய்ப்பும் ஒன்றாகவே சந்தைக்கு வருகிறது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்த தக்காளி, செப்டம்பரில் சீப்பட்டது இப்படித்தான். மலிந்துவிட்டது என்று எந்த வீட்டிலும் ரசத்துக்கு இரு மடங்கு தக்காளி கரைப்பதில்லை; ஆகவே வரத்து சற்றுக் கூடினாலே விலை தடாலெனச் சரிகிறது. பறிகூலி மட்டும் சரிவதில்லை. பனியன் கம்பெனி வேன் ஊருக்குள் வந்து வேலைக்கு ஆளேற்றும்போது அது சரியவும் வேண்டியதில்லை. கூலியும் வண்டி வாடகையும் ஒரு பெட்டித் தக்காளியின் விலையை மிஞ்சும் நாளில், காயைச் செடியிலேயே விடுவது சரியான கணக்குதான். எவ்வளவு நட்டிருக்கிறார்கள் என்று நடுவதற்கு முன்பே விவசாயிக்குத் தெரிய, வட்டாரவாரியாக நடவுப் பரப்பைத் தோட்டக்கலைத் துறை வாரந்தோறும் சந்தைகளில் எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்