போராட்ட ஓவியத்தில் மக்களுக்கும் முகம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பொது மண்டபங்களுக்கென ஓவியரிடம் பணம் கொடுத்து வரையச் செய்யும் விடுதலைப் போராட்ட ஓவியங்களில், தலைவரை நடுவில் நிறுத்தி மக்களை முகமற்ற கூட்டமாக்கிவிடும் வழக்கம் எனக்குப் பெரும் வருத்தமளிக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்ட உப்புச் சத்தியாகிரக நடைப்பயணத்தையே எடுத்துக்கொள்வோம். தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ அளிப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தபோது, கொடுத்தவர் யாரென்று தெரியாதபடி, சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர் ஊர்மக்கள். தம்மிடம் சவரத்துக்கு அமர்ந்திருப்பவர் காவலர் என்று அறிந்ததும், பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிறை சென்றார் வேதாரண்யத்துச் சவரத் தொழிலாளி வைரப்பன். ஓர் ஓவியனுக்கு இவற்றைவிட வலிமையான காட்சிகள் எங்கே கிடைக்கும்?

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று 1938 ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக வரைந்த நந்தலால் போஸ், தலைவர்களை விடுத்து உழைக்கும் கிராமத்து மக்களையே தீட்டினார் என்பதை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

ஓவியம் வரையச் சொல்வோர் முன்வரைவைப் பார்த்து ஒப்புதல் தருவது முறைதான். ஆனால் திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு ஓவியரை அவசரப்படுத்தாமல், அவர் அந்த வழித்தடத்தில் நடந்து, ஆவணங்களைப் படித்து, சித்திரை வெயிலின் ஒளியையும் உப்பளத்தின் நிறத்தையும் நேரில் கண்டு வரைவதற்குப் போதிய காலமும், அந்த ஆய்வுக்கெனத் தனி ஊதியமும் ஒப்பந்தத்திலேயே எழுதித் தரப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓவியர் ஒருவர்