கழுத்தை ஒடுக்கினால் பித்தளை எங்கே போகும்?

அன்பு மாப்ளே,

உன் கடிதமும் பேத்தியின் படமும் வந்து சேர்ந்தன. மூக்கு அப்படியே உன்னுடையது. பாவம், வளர வளர மாறிவிடும் என்று நம்புவோம். தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். கொடோனில் கிடந்தபடியே வெடித்த உன் பித்தளை மூடிகளைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் இங்கே நான் பார்த்த ஒரு கதை.

இங்கே வேலையை விட்ட பிறகு எனக்குப் பொழுது போவதே பக்கத்து வீட்டுப் பெரியவரின் ஷெட்டில்தான். அமெரிக்காவின் இந்தக் கிழக்கு ஆரெகனில் பனி விழ ஆரம்பித்தால் வேறு எங்கே போவது? அவர் மான் வேட்டைக்காரர். நான் சைவம் என்று தெரியும், அதனால் கறியை நீட்டுவதில்லை. பித்தளையை மட்டும் நீட்டுவார். உலோகவியல் படித்தவன் ஒருவன் பக்கத்திலேயே சிக்கினால் விடுவாரா?

அவரிடம் அப்பா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. பழைய மவுசர் என்ற ஜெர்மன் துப்பாக்கி ஒன்றில் உள்ளூர்த் துப்பாக்கிக் கொல்லர் 6 மில்லிமீட்டர் குழலைப் பொருத்திக் கொடுத்தது. அதற்குப் பொருந்தும் தோட்டாவின் பெயர் 6எம்எம்-06. கடையில் போய்க் கேட்டால் கிடைக்காது. இப்படி எந்தக் கம்பெனியின் அட்டவணையிலும் இல்லாமல், ஆட்கள் தாங்களாகவே வடிவமைத்துக்கொண்ட தோட்டாக்களை இங்கே வைல்ட்கேட் என்கிறார்கள். அமெரிக்க ராணுவம் 1906ல் ஏற்ற .30-06 தோட்டாவின் (.30 என்பது அங்குலக் கணக்கில் குழல் அளவு, 06 அந்த வருஷம்) காலிக் கூட்டை, அதாவது வெடிமருந்தை அடைத்துக் குண்டைச் சொருகும் பித்தளைக் குப்பியை எடுத்து, குண்டைக் கவ்வும் அதன் கழுத்தை ஒடுக்கி, இந்த 6 மில்லிமீட்டர் கூட்டை அவரே செய்துகொள்கிறார். தனக்காகச் செய்துகொள்ள இங்கே மத்திய சட்டப்படி உரிமம் வேண்டாம், விற்றால்தான் வேண்டும். நம்மூரில் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவைக் கையில் வைத்திருந்தாலே வழக்கு.

இந்த .30-06க்குப் பிறந்த பிள்ளைகள் ஏராளம். வின்செஸ்டர் கம்பெனி 1925ல் கொண்டுவந்த .270 அந்த வம்சம்தான். .25-06 ஐம்பது வருஷம் போல வைல்ட்கேட்டாகவே திரிந்து, 1969ல்தான் ரெமிங்டன் கம்பெனியின் அட்டவணையில் ஏறியது. .22-250 இன்னொரு குடும்பம்: சாவேஜ் கம்பெனியின் .250 தோட்டாவை ஒடுக்கிப் பலர் சுட்டுப் பழகிய பிறகு, 1965ல் அதே ரெமிங்டன் தத்தெடுத்துக்கொண்டது. ஷெட்டில் பிறந்ததுதான் பிறகு கம்பெனிக்குப் போகிறது.

இதெல்லாம் அமெரிக்கர்கள் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துவிடாதே. பிரிட்டிஷ் ராணுவம் 1871ல் எடுத்துக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் தோட்டாவுக்கு .577/450 என்று பெயர். அதற்கு முன்பிருந்த ஸ்னைடர் துப்பாக்கியின் .577 கூட்டை நீட்டி, வாயை .450க்கு ஒடுக்கியது. அப்பன் பெயரும் பிள்ளை பெயரும் பெயரிலேயே இருக்கின்றன, நம் இனிஷியல் மாதிரி.

சரி, வேலைக்கு வருகிறேன். கேட்க எளிதாக இருக்கும். கூட்டுக்கு மேல் லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) கலந்த மசகைத் தடவு, பிரஸ்ஸில் ஏற்று, டை என்ற எஃகு அச்சுக்குள் தள்ளு, கழுத்து ஒடுங்கிவிடும். ஆனால் குண்டின் விட்டம் 7.82 மில்லிமீட்டராக இருந்த இடத்தை ஒரே அமுக்கில் 6.17க்கு இறக்கினால் கழுத்துக்குக் கீழே சரிந்து அகலும் தோள் மடிந்து உட்கார்ந்துவிடும். அதனால் பெரியவர் முதலில் .270 டையில் விடுவார், அப்புறம் .25-06 டை, கடைசியில் 6 மில்லிமீட்டர். மசகு குறைந்தால் கூடு டைக்குள் மாட்டிக்கொண்டு விளிம்பு பிய்ந்து வரும். அதிகமானால் தோளில் குழி விழும். டைக்குள் சிக்கிய எண்ணெய் அமுங்காது, பித்தளைதான் அமுங்கும். தோளில் குழி விழுந்த கூட்டை அவர் தூக்கிப் போடுவதில்லை. சிறு குழி என்றால் முதல் வெடியில் தானாக நிமிர்ந்துவிடும் என்கிறார், அது உண்மைதான்.

தோளைப் பின்னால் எவ்வளவு தள்ளுவது என்பதில்தான் அவர் நிதானம் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக டையை இறக்கி, ஒவ்வொரு தடவையும் கூட்டைத் துப்பாக்கியில் போட்டுப் பார்ப்பார். துப்பாக்கியைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் லேசாக இறுகி மூடும் இடத்தில் டையை நிறுத்திப் பூட்டிவிடுவார். அதற்கு மேல் தள்ளினால் கூட்டுக்கு முன்பக்கம் காலி இடம் விழுந்து, சுடும்போது கூடு இழுபட்டு அடிப்பக்கம் அறுந்துபோகும். பின்னால் வருகிற சூடான வாயு சுடுகிறவன் முகத்தை நோக்கித்தான் வரும்.

இனி நமக்குப் பிடித்த பகுதி. கழுத்தின் சுற்றளவைக் குறைத்தாயே, அங்கிருந்த பித்தளை எங்கே போனது? கன அளவு மாறாது என்று திருச்சியில் நமக்குப் பாடம் எடுத்தார்களே, அதை இங்கே கண்ணால் பார்க்கலாம். சுவர் 0.38 மில்லிமீட்டர் இருந்தது என்று வைத்துக்கொள். நீளம் மாறாமல் எல்லாம் தடிப்பிலேயே போனால் 0.47 ஆகிவிடும். உண்மையில் கொஞ்சம் நீளத்திலும் போகும், அதனால் அவ்வளவு தடிக்காது. ஆனாலும் மைக்ரோமீட்டரில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். நீண்டதை வெட்டிவிடலாம். தடித்ததுதான் ஆபத்து.

ஏன் என்றால், சுடும்போது கழுத்து கொஞ்சம் விரிந்து குண்டை விட வேண்டும். தோட்டா உட்காரும் துப்பாக்கியின் அறையில் கழுத்துக்கு என்று கடைந்த இடம் மாறாதது. கழுத்து தடித்து அந்த இடத்தை நிரப்பிவிட்டால் விரிய வழியில்லை, குண்டு கவ்வியபடியே நிற்கும், அறைக்குள் அழுத்தம் எகிறும். வெடிமருந்தின் அளவு சரியாகவே இருந்தாலும் துப்பாக்கி உடையலாம். அதனால் கழுத்தை ஒரு கம்பியில் மாட்டிக் கையால் சுற்றிச் சுற்றி வெளிப்பக்கத்தைச் சீவுகிறார். தலைமுடி போலச் சுருள் சுருளாகப் பித்தளை விழும். உள்ளே இன்னொரு தொல்லை: முன்பு தோளாக இருந்த தடித்த உலோகம் இப்போது கழுத்தின் அடியில் வந்து உட்கார்ந்து, உள்பக்கம் ஒரு வளையமாகத் துருத்தும். அதற்கு டோனட் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதை உள்ளிருந்து ரீமர் என்ற துளைச் சீவுளியால் எடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் வைத்திருக்கும் சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. சுட்ட கூட்டை எடுத்து, புதுக் குண்டு ஒன்றை அதன் வாயில் விடுவார். தடையில்லாமல் வழுக்கி உள்ளே போனால் கழுத்து விரிய இடம் இருந்தது என்று அர்த்தம். போகாமல் நின்றால் அந்த வரிசையில் மிச்சத்தைச் சுட மாட்டார், திரும்பவும் சீவுவார். கருவி ஒன்றும் வேண்டாம்.

இவ்வளவு செய்தும் கூட்டின் அடியில் இருப்பது பழைய முத்திரைதான். லேக் சிட்டி தொழிற்சாலையின் எல்சி 67 என்று இருக்கும். கழுத்தைப் பார்த்தால்தான் வேறு தோட்டா என்று தெரியும். அதனால் பெட்டி முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். தான் போன பிறகு யாராவது .30-06 துப்பாக்கிக்கு என்று எடுத்துவிடக் கூடாது என்பது அவர் கவலை.

அனீலிங்கை, அதாவது காய்ச்சி இளக்குவதைச் சொல்லாமல் விட்டால் நீ என்னைச் சும்மா விடமாட்டாய். தோட்டாப் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இத்தனை அமுக்கு வாங்கினால் கழுத்து இறுகிப்போகும். டையை விட்டு வந்ததும் கொஞ்சம் பின்வாங்கும், குண்டைச் சீராகப் பிடிக்காது, சில தடவை சுட்டால் நெடுக்கே வெடித்துவிடும். பழைய ஆட்கள் தட்டில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, கூடுகளை அதில் நிறுத்தி, கழுத்தில் மட்டும் தீச்சுடரைக் காட்டி, உடனே தட்டிக் கவிழ்ப்பார்கள். தண்ணீரில் சாய்ப்பது இரும்பைப் போலக் கடினமாக்க அல்ல; பித்தளை அப்படிக் கடினமாகாது. சூடு கீழே இறங்குவதை நிறுத்தத்தான். அடிப்பக்கம் இளகிவிட்டால் அந்தக் கூடு குப்பைக்குத்தான். பெரியவர் இப்போது 400 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும் வண்ணக் குறியைத் தடவி, அது உருகியதும் எடுத்துவிடுகிறார். கழுத்து பளபளவென்று சிவக்கும்வரை காய்ச்சுகிறவர்களும் உண்டு. அது மெனக்கெட்டு உலோகத்தைக் கெடுப்பது.

ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை இருக்குமே, அது தொழிற்சாலையில் கடைசியாகச் செய்த அனீலிங்கின் தடம். கடைச் சரக்கில் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்பார்கள். வாங்குகிறவன் பழசு என்று நினைத்துவிடுவான் என்ற பயம்.

அந்தக் கறை ஏன் முக்கியம் என்பதற்கு நம் நாட்டில்தான் பெரிய பாடம் நடந்தது. பிரிட்டிஷ்காரன் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தான். எடுத்துப் பார்த்தால் குண்டைக் கவ்வியிருந்த கழுத்தில் நெடுக்கே விரிசல், ஒருத்தரும் தொடாமலே. பருவ மழையோடு வந்ததால் பருவ விரிசல் என்று பேர் வைத்தார்கள். காரணத்தை 1921ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் விளக்கினார்கள்: உள்ளே அடங்கிக்கிடக்கும் இழுவிசை, ஈரம், குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா. மூன்றில் ஒன்று குறைந்தாலும் விரிசல் வராது. அனீலிங் அந்த இழுவிசையைத்தான் போக்குகிறது.

இப்போது உன் மூடிகளுக்கு வருகிறேன். டீப் டிரா செய்து, அதாவது தகட்டை அச்சுக்குள் அமுக்கிக் கிண்ணமாக இழுத்து, வாயை உள்ளே ஒடுக்கிய பித்தளை மூடிகள், பிரஸ்ஸில் இருந்து நன்றாகத்தான் வந்தன, ஐப்பசி மழையில் கொடோனில் கிடந்தபடியே வாயில் நெடுக்கே வெடித்தன என்று எழுதியிருக்கிறாய். தகடு விற்றவன் மேல் சந்தேகம் என்கிறாய். இருக்கலாம். ஆனால் உன் கொடோன் கோழிப் பண்ணைக்கு அடுத்த காம்பவுண்டு என்பதை நீயே இன்னொரு பாராவில் எழுதியிருக்கிறாய். கோழி எச்சத்தில் இல்லாத அம்மோனியாவா? எனக்கு என்னவோ தகட்டுக்காரன் பாவம் என்றுதான் படுகிறது.

சரிபார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நல்ல மூடி ஒன்றின் வாய்ப்பக்கத்தை வளையமாக அறுத்து எடு. பிறகு வளையத்தில் ஒரே இடத்தில் நெடுக்கே ஹாக்ஸாவால் வெட்டு. வெட்டிய வாய் அகன்று விலகினால் வெளிப்பக்கம் இழுபட்டு நிற்கிறது என்று பொருள். அதை அளந்து வை. அடுத்து, இன்னொரு மூடியை 275 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்து எடுத்து, அதே மாதிரி வெட்டிப் பார். விலகல் வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும், கடினமோ அதிகம் குறையாது. முழு அனீலிங் வேண்டாம், வாய் இளகி மூடி இறுகாமல் போய்விடும். லேபில் பாதரச நைட்ரேட் சோதனை செய்யலாம் என்பார்கள். அந்த விஷத்தை உன் பையன்கள் கையில் கொடுக்காதே. மூடிய ஜாடியில் அம்மோனியா ஆவியில் வைக்கும் சோதனை போதும்.

அதுவரை சரக்கைக் கொடோனிலிருந்து வேறு எங்காவது மாற்றிவிடு, வீட்டு மாடியானாலும் சரி. வெடித்த மூடிகளில் இரண்டையும் வெடிக்காததில் இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வை. எதையும் தேய்த்துத் துடைத்துவிடாதே, விரிசலின் விளிம்பை அப்படியே பார்க்க வேண்டும். தை கடைசியில் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று.

பேத்திக்கு என் முத்தம்.

உன்
மச்சான்