கலப்பு உரம் குறித்து நண்பனுக்கு

மன்னார்குடி

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளும் பேரக்குழந்தையும் நலமாக வீடு திரும்பிய செய்தி அறிந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. இங்கே சம்பா நடவு முடியும் தறுவாயில் இருக்கிறது. இனித் தனித்தனி உரங்களை விட்டுவிட்டு, தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாஷ்) மூன்றும் ஒரே மூட்டையில் வரும் கலப்பு உரத்துக்கே மாறிவிடலாமா என்று கேட்டிருந்தாய். நடவுக்கு முன் இடும் அடியுரத்துக்கு அது நல்லது. பயிர்க்காலம் முழுவதற்கும் அதையே நம்பினால் பணமும் வீண், மண்ணுக்கும் கேடு என்பதே என் எண்ணம்.

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். தழைச்சத்து தரும் யூரியா விலை மலிவு என்பதற்காக அதை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு, பொட்டாஷைக் கண்ணிலேயே காணாத வயல்கள் நம் பக்கம் ஏராளம். அப்படிப்பட்ட வயலுக்கு மணிச்சத்தும் சாம்பல் சத்தும் போய்ச் சேர ஒரே மூட்டையில் வழி கிடைக்கிறது. உரம் வீச ஆள் கிடைக்காத இந்த நாளில் மூன்று முறை செய்ய வேண்டிய வேலை ஒரே முறையில் முடிவதும் சிறிய காரியமன்று.

ஆனால் கணக்கைப் பார். மத்திய, நீண்ட கால நெல்லுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை தழை, மணி, சாம்பல் சத்து என்ற வரிசையில் ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ, ஏக்கருக்கு 60:20:20. மூன்று சத்தும் நூற்றுக்குப் பதினேழு வீதம் உள்ள கலப்பு உரத்தின் ஐம்பது கிலோ 17:17:17 மூட்டை ஒன்றில் ஒவ்வொரு சத்தும் எட்டரை கிலோ இருக்கும். தழைச்சத்து முழுவதையும் அதிலிருந்தே கொடுக்க நினைத்தால் ஏக்கருக்கு ஏழு மூட்டை வேண்டும். அப்போது மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தேவையைப் போல மூன்று மடங்கு விழுந்துவிடும். அடியுரமாக இரண்டு மூட்டை போட்டு, தூர் கட்டும் பருவத்திலும் கதிர் உருவாகும் பருவத்திலும் பிரித்து 45 கிலோ யூரியா மூட்டை இரண்டைக் கொடுத்தால் ஏறத்தாழ 58:17:17 ஆகிவிடுகிறது. மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே தேங்கியிருந்தால் இந்த இரண்டு மூட்டையும்கூட அதிகம்தான்.

கலப்பு உரத்தில் காம்ப்ளக்ஸ், மிக்ஸர் என்று இரண்டு வகை உண்டு; மூட்டையில் இருப்பது எது என்பதையும் கவனி. காம்ப்ளக்ஸில் ஒவ்வொரு குருணையிலும் எல்லாச் சத்தும் அடங்கியிருக்கும். வெறுமனே கலந்து கட்டிய மிக்ஸரில் அப்படியில்லை. ஒரு கை அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பினால் யூரியாவின் வெண்மணி, பொட்டாஷின் செம்பொடி, மணிச்சத்து தரும் சூப்பர் பாஸ்பேட்டின் சாம்பல் நிறக் குருணை என்று தனித்தனியாகக் கண்ணில் படும். வண்டியில் குலுங்கி வரும்போதே பொடி அடியில் இறங்கிவிடுகிறது. வீசும்போது பெரிய மணி தொலைவில் போய் விழ, பொடி காலடியிலேயே உதிர்கிறது. வயலில் ஓரிடம் கரும்பச்சையாகவும் அடுத்த இடம் வெளிறியும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். யூரியாவையும் சூப்பரையும் கலந்து வைத்தால் நசநசவென்று ஈரம் கசிந்து கட்டி தட்டிவிடும் என்பதால், நீயே கலப்பதாக இருந்தால் வீசும் நாளிலேயே கலந்துவிடு. சுண்ணாம்பை யூரியாவோடும் சேர்க்காதே, சூப்பரோடும் சேர்க்காதே. துத்தநாக சல்பேட்டை உரத்தோடு கலக்காமல் மணலில் கலந்து தனியாக இடுவதே முறை.

உன் செம்மண் நிலத்தில் நிலக்கடலைதானே பெரும்பகுதி? அங்கே நெல்லுக்குப் போடும் மூட்டையையே போடுவது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. கடலை தன் வேர்முடிச்சுகளின் துணையால் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பெரும்பாலும் தேடிக்கொள்கிறது. அது கேட்பது சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும். நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் இவை இரண்டையும் தரும் ஜிப்சத்தை ஏக்கருக்கு 160 கிலோ இட்டுச் செடியைச் சுற்றி மண் அணைத்தால்தான் காய் திரட்சியாகப் பிடிக்கும். 17:17:17 மூட்டையை நம்பியிருந்தால் இந்தத் தேவை நிறைவேறாது.

வாங்கும்போது சாக்கில் அச்சிட்ட சத்து விகிதத்தைப் படித்துப் பார்த்து, ரசீது கேட்டு வாங்கு. பொடியாகிப் போன கலவையில் மணலோ வேறு எதுவோ கலந்திருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது.

அதற்கு முன் நெல் வயலிலும் கடலைக் கொல்லையிலும் தனித்தனியாக மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடு. முடிவு வந்ததும் அதிலுள்ள எண்களை அப்படியே எனக்கு எழுது. எந்த உரம் எத்தனை மூட்டை என்று கணக்குப் போட்டு மறு தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராமலிங்கம்