பேரீச்சம்பழத்துக்குப் போகாத வண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, என்மேல் உள்ள கோபம்தான் குறையவில்லை. எண்ணெய் கலக்க அவளுடைய ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டேன், அதற்குத்தான். "வண்டிக்கு ஒரு மரையும் கழலக் காணோம், உங்களுக்குத்தான் கழன்றுபோச்சு" என்கிறாள்.

தாத்தாவின் பழைய அம்பாசடர் காரைப் பிரிக்க முடியாமல் துருப்பிடித்த நட்டுகள் இறுகிக் கிடக்கின்றன என்று நான் புலம்பியதற்குப் போனில் நீ சொன்னாயே, "கிரைண்டர் வச்சு வெட்டிட்டுப் புது போல்ட்டு போடுங்கப்பா, இல்லேன்னா மொத்தமா பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க" என்று. அன்றைக்குச் சுருக்கென்றது. இப்போது அம்பாசடரின் பின் ஆக்சில் (பின்சக்கரங்களின் அச்சு) பாதி இறங்கிவிட்டது, அதனால் தெம்பாக எழுதுகிறேன். நீ சொன்னதில் பாதி சரி.

ஆக்சிலை ஸ்பிரிங் பட்டையோடு சேர்த்துப் பிடிப்பது நாலு யூ போல்ட்டு, எட்டு நட்டு. ஒருமுறை கழற்றினால் அவற்றைத் திரும்பப் போடக்கூடாது, இழுபட்ட மரை பழையபடி பிடிக்காது. எப்படியும் தூக்கிப்போடப் போவதற்கு எதற்கு உபசாரம்? நீ சொன்னபடியே வெட்டினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

ஆனால் ஆக்சில் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் கிரவுன் கூட்டைச் சுற்றியிருக்கும் ஸ்டட்டுகளை (தலையில்லாத போல்ட்டுகள்) அப்படி வெட்ட முடியாது. அவை ஆக்சிலிலேயே ஊன்றி நிற்பவை. ஒன்று முறிந்தால் குடைந்து எடுத்து, டேப் என்கிற மரை வெட்டும் கருவியைப் போட்டு, மறுபடி மரை வெட்டவேண்டும். போதாததற்கு நம் வீடு கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக் காற்றில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஷெட்டின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது, 2015 வெள்ளத்தில் பாதிச் சக்கரம் வரை தண்ணீர் நின்றது. தாத்தா திருவந்திபுரம் கல்யாணங்களுக்கு எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு போன வண்டி, அதற்கப்புறம் நகரவே இல்லை. இரும்பு துருவானால் பெருக்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருந்த கொஞ்சநஞ்ச இடத்தையும் அடைத்துக்கொண்டுவிடும். எண்ணெய் புகவே வழி இருக்காது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும், வருத்தப்படாதே. நீ பூனேயிலிருந்து அனுப்பிய சாக்கெட் பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால் முழுக்க மில்லிமீட்டர். நம் வண்டி மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்தது, எல்லாம் இஞ்ச் அளவு. அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13-ஐப் போட்டேன், உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. பைப்பை மாட்டி அழுத்தினேன். நட்டின் மூலையெல்லாம் மழுங்கி லட்டு மாதிரி உருண்டுவிட்டது. அந்த 0.3 மில்லிமீட்டரில் எனக்கு ஒரு வாரம் போனது.

அப்புறம்தான் லேத் பட்டறை பாயிடம் போனேன். மீன்பிடி படகு இஞ்சின்களில் கைவைத்தே தலை நரைத்தவர், துரு அவருக்குத் தினப்படி. அவர் சொல்லி, பவர் ஸ்டியரிங் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து (அந்த ஊறுகாய் பாட்டில், கண்ணாடிதான் வேண்டும், பல பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்துவிடும்) ஒவ்வொரு முறையும் குலுக்கி, காலையும் மாலையும் நட்டு ஓரத்தில் விட்டேன். விட்டதும் சுத்தியலால் நட்டின் தலையில் நாலு தட்டு. பலமாக அல்ல, துரு நொறுங்கி எண்ணெய்க்கு வழி விடும் அளவுக்கு. அஞ்சு நாள். அவிழ்க்கும் திசையில் போகாமல், முதலில் இறுக்கும் திசையில் துளி அசைக்கச் சொன்னார். அசைந்தால் ஒரு 'டிக்' கேட்கும். அதற்கப்புறம் முன்னும் பின்னுமாக, எண்ணெய் விட்டு விட்டு. ஒன்றைத் தவிர எல்லாம் வந்துவிட்டன.

அந்த ஒன்று, நான் மழுக்கிய லட்டு. அதற்கு பாயே கேஸ் வெல்டிங் கொண்டுவந்தார். கிரவுன் ஆயிலை முன்பே வடித்திருந்தேன். பிரேக் ஹோஸைக் கழற்றி, எண்ணெய் ஈரத்தைத் துடைத்து, ஒரு வாளி மணல் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். "சூடு நட்டுக்கு, ஸ்டட்டுக்கு இல்ல" என்று சொல்லிச் சொல்லி நட்டை மட்டும் சுற்றிச் சுற்றிக் காய்ச்சினார். மங்கலாகச் சிவந்தது. அத்தனை சூட்டில் நட்டு விரிவது ஒரு தலைமுடி கனம்தான், அது போதும். நெருப்பை எடுத்துவிட்டு, சிவப்பு அடங்கியதும் "மெழுகுவத்தி" என்றார். உள்ளே ஓடினேன். தானே புயலில் கரண்ட் இல்லாத ராத்திரிகளில் நீ வீட்டுப்பாடம் எழுதிய டப்பாவில் இன்னும் மூன்று கிடந்தன. ஒன்றை அந்தச் சூட்டில் வைத்ததும் உருகி, புகைந்து, மரைக்குள் சரசரவென்று இழுபட்டுப் போனது. எண்ணெய் அஞ்சு நாளில் போகாத இடத்துக்கு மெழுகு அஞ்சு வினாடியில் போய்விட்டது. பைப் ரிஞ்சால் பிடித்துத் திருப்பினார். கிறீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், வெண்ணெய் மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது. அந்த நட்டை ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறேன், அம்மாவுக்குத் தெரியாது.

மிச்சம் இருப்பது ஸ்பிரிங்கின் முன்கண் (பட்டையின் முன்நுனியில் உள்ள வளையம்) போல்ட்டுகள். அவற்றுக்கு எந்த வைத்தியமும் செல்லாது. நட்டு கழன்றுவிடும், போல்ட்டு மட்டும் வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிக்கொண்டு வராது. திருப்பினால் ரப்பரோடு சேர்ந்து திரும்பும். சூடு காட்டினால் ரப்பர் எரிந்து நாறும். ஆக்ஸா பிளேடைச் சந்தில் நுழைத்து, இருபக்கமும் அறுத்துத்தான் எடுக்கவேண்டும். இடதுபக்கம் அறுத்துவிட்டேன், மூன்று பிளேடு போனது. திரும்ப மாட்டும்போது கிரீஸ் தடவாமல் ஒரு போல்ட்டையும் போடுவதாக இல்லை.

பொங்கலுக்கு வரும்போது அரை இஞ்சும் 9/16-ம் சாக்கெட் கிடைத்தால் வாங்கி வா. ஆறு மூலை உள்ளதாகப் பார், பன்னிரண்டு மூலை வேண்டாம், அது சீக்கிரம் வழுக்கும். வலதுபக்கத்து போல்ட்டை உனக்காக விட்டுவைத்திருக்கிறேன். உன் கிரைண்டர் அந்தச் சந்தில் நுழைகிறதா, நீயே பார்.

அன்புடன்,
அப்பா