பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்: தஞ்சாவூர்ப் பிரசுரப் போரையும் பாடமாக்குங்கள்

தமிழகப் பல்கலைக்கழகங்களில் ஆங்கில இலக்கியத்துக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். பாடத்திட்டம் எத்தனை முறை திருத்தப்பட்டாலும் பதினெட்டாம் நூற்றாண்டு பேப்பர் அநேகமாக அப்படியேதான் இருக்கிறது. செய்யுள் என்றால் போப், கிரே. உரைநடை என்றால் அடிசன், ஸ்டீல். நாடகம் என்றால் கோல்ட்ஸ்மித் அல்லது ஷெரிடன். இவர்களில் யாரையும் நீக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அந்தக் காலத்துக் கடிதங்களும் அரசியல் பிரசுரங்களும் (ஒரு தரப்புக்காக வாதாடி அச்சிட்ட சிறு நூல்கள், ‘பாம்ஃப்லெட்’) ‘சமூகப் பின்னணி’ என்று ஒரு சின்னக் கேள்விக்குள் சுருங்கிப்போவதுதான் என் வருத்தம். கவிதை, கடிதம், அரசியல் என்று நாம் தனித்தனியாகப் பிரித்து நடத்துகிறோம். அன்றைய லண்டனில் அப்படி இருக்கவில்லை. கிரேயின் இரங்கற்பாவை 1751-இல் வெளியிட்ட டாட்ஸ்லியின் புத்தகக் கடைதான், தம்பி கைக்கு வந்த பிறகு நாடாளுமன்ற உறுப்பினரும் பேச்சாளருமான எட்மண்ட் பர்க்கின் பிரசுரங்களையும் வெளியிட்டது. எழுதியவர்களும் பல நேரங்களில் அதே ஆட்கள்தான்.

இதற்கு நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு விவகாரமே சாட்சி.

ஜேம்ஸ் மெக்பர்சனை மாணவர்களுக்கு ‘ஓசியன்’ கவிதைகளின் ஆசிரியராக மட்டும்தான் அறிமுகம் செய்கிறோம். ஓசியன் என்ற மூன்றாம் நூற்றாண்டு கேலிக் மொழிப் (ஸ்காட்லாந்தின் பழைய மொழி) புலவனின் பாடல்களைக் கண்டெடுத்து மொழிபெயர்த்ததாகச் சொல்லி 1760 முதல் அவர் புத்தகங்கள் வெளியிட்டார். ஐரோப்பாவே அவற்றைக் கொண்டாடியது. ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் போன்ற சிலர் நம்பவில்லை. மெக்பர்சன் மிரட்டல் தொனியில் எழுத, 1775 ஜனவரியில் ஜான்சன் அனுப்பிய பதில் ஆங்கிலத்தின் மிகச் சிறந்த கடிதங்களில் ஒன்று. ஒரு ரவுடியின் மிரட்டலுக்குப் பயந்து, மோசடி என்று நான் நினைப்பதை அம்பலப்படுத்தாமல் விடமாட்டேன் என்று அதில் நேராகவே சொல்லிவிடுகிறார். நம் வகுப்பில் மெக்பர்சன் கதை இதோடு முடிந்துவிடுகிறது.

அப்புறம் நடந்ததைத்தான் நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. அதே மெக்பர்சன் ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு லண்டனில் ஏஜென்ட் ஆனார். 1780 முதல் சாகும்வரை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

நவாப்புக்கு லண்டனில் ஏன் எழுத்தாளர் தேவைப்பட்டார்? 1773-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் துணையோடு அவர் தஞ்சாவூரைப் பிடித்தார். துளஜா மன்னர் சிறைப்பட்டார். லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் நாட்டைத் திருப்பித் தரச் சொல்ல, 1776-இல் சென்னை கவர்னர் பிகட் பிரபு மன்னரை மறுபடி அமர்த்தினார். உடனே பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி ஊழியர், தஞ்சாவூர் வருவாயின் மேல் தனக்கு 2,30,000 பவுண்டுக்கு மேல் பாக்கி என்று வந்து நின்றார். நவாப்புக்குக் கடன் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக அடுத்தவர் வயல் விளைச்சலை எழுதி வாங்கியிருந்தார். பிகட் அதை ஏற்கவில்லை. அந்த ஆகஸ்டிலேயே அவருடைய கவுன்சில் பெரும்பான்மையினர் அவரைக் கைது செய்தார்கள். 1777 மே மாதம் காவலிலேயே இறந்துபோனார்.

செய்தி லண்டனுக்குப் போனதும் பிரசுரப் போர் மூண்டது. 1779-இல் மெக்பர்சன் கம்பெனியின் வரலாறும் நிர்வாகமும் பற்றி ஒரு நூல் எழுதி நவாப் பக்கம் வாதாடினார். அதே ஆண்டு எட்மண்ட் பர்க்கும் அவருடைய நெருங்கிய நண்பர் வில்லியம் பர்க்கும் சேர்ந்து, தஞ்சாவூர் மன்னருக்காக ஒரு பிரசுரம் கொண்டுவந்தார்கள். வில்லியம் தஞ்சாவூர் மன்னரின் ஏஜென்ட் என்பதையும் மறைக்காமல் சொல்லித்தர வேண்டும். இரண்டு பக்கமும் சொந்த நலன் இருந்தது. அதனால்தான் இது நல்ல பாடம்: யார் யாருக்காக எழுதுகிறார், எந்த இடத்தில் நியாயம் பேசுகிறார், எந்த இடத்தில் குரலை வேண்டுமென்றே உயர்த்துகிறார் என்று மாணவர் வரிவரியாகப் பார்க்கலாம்.

இந்தப் போரின் உச்சம் 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை. நவாப்பின் கடன்களைச் சரியாக விசாரிக்காமலேயே கர்நாடகச் சீமையின் (நவாப்பின் ஆட்சிப் பகுதி, இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) வருவாயிலிருந்து தீர்க்க அரசு உத்தரவிட்டதை எதிர்த்துப் பேசினார். வாக்கெடுப்பில் அவர் தரப்பு தோற்றது. ஆனால் அதே ஆண்டு அந்த உரை பிரசுரமாக அச்சேறியது. ஹைதர் அலி 1780-இல் கர்நாடகச் சீமைக்குள் இறங்கியதைச் சொல்லும் பகுதி தொகுப்புகளில் வருவதுண்டு. சென்னை வாசலிலிருந்து தஞ்சாவூர் வாசல் வரை பதினெட்டு மாதம் அழிவு ஓயவில்லை என்கிறார். இந்தியாவின் நெற்களஞ்சியத்தில் பசியால் தினமும் எழுபது பேராவது தஞ்சாவூர்த் தெருக்களிலும் கோட்டைச் சரிவிலும் விழுந்து இறந்தார்கள் என்கிறார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஏரிகளைப் பற்றிய பகுதி. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத அந்த மனிதர், சென்னையைச் சுற்றியிருந்த கம்பெனி ஜாகீரின் (நவாப் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த நிலப்பகுதியின்) வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு ஏரிகளை எண்ணியிருக்கிறார். அந்த ஒரு வரைபடத்திலேயே 1,100-க்கு மேல். இரண்டு மூன்று ஏக்கரிலிருந்து ஐந்து மைல் சுற்றளவு வரை. மண்ணும் கல்லும் கொண்டு எழுப்பிய கரை, கட்டுமான மதகு, பராமரிப்புக்கு ஆகும் பெருஞ்செலவு எல்லாவற்றையும் சொல்கிறார். இவை குடிமக்களுக்குத் தகப்பனாக இருந்த உண்மையான அரசர்களின் நினைவுச் சின்னங்கள், பிறக்கப்போகும் தலைமுறையையும் தம் பிள்ளைகளாக நினைத்தவர்கள் எழுதிவைத்த சொத்து என்று அந்த நீண்ட வாக்கியங்கள் ஏறிக்கொண்டே போகின்றன. கணக்கும் கவித்துவமும் இப்படிச் சேர்ந்து வரும் உரைநடை ஆங்கிலத்திலேயே அபூர்வம். செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ படிக்கும் பிள்ளைக்கு இதைக் காட்டாமல் எப்படி விடுகிறோம்?

பர்க்கின் வாக்கியம் கடினம், நம் மாணவர்களுக்கு எட்டாது என்று ஒரு பேச்சு உண்டு. கடினம்தான். ஆனால் லண்டன் மேட்டுக்குடிப் பெண்ணின் ஒப்பனை மேசையைப் போப் வர்ணிப்பது மட்டும் சுலபமா? அதற்குப் பக்கம் பக்கமாகக் குறிப்பு கொடுக்கிறோம். ஏரிக்கரைக்கும் மதகுக்கும் நம் பிள்ளைகளுக்குக் குறிப்பே தேவையில்லை. நம் ஊர் வருகிறது என்பதற்காக மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. அந்த நூற்றாண்டின் கவிஞரும் கடிதக்காரரும் பிரசுர ஆசிரியரும் ஒரே சண்டையில் எதிரெதிரே நின்றது இவ்வளவு துல்லியமாகத் தெரியும் இடம் வேறு அதிகம் இல்லை.

நான் கேட்பது ஒரே ஒரு யூனிட். ஓசியனிலிருந்து ஒரு பக்கம், ஜான்சனின் அந்தக் கடிதம், 1779 பிரசுரங்கள் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பகுதி, பர்க் உரையில் ஏரிகள் வரும் இடம். கூடவே வில்லியம் கூப்பர் 1782-இல் வெளியிட்ட ‘எக்ஸ்போஸ்டுலேஷன்’ கவிதையில், சுதந்திரத்தின் பால் குடித்து வளர்ந்த நீ கிழக்கே அடிமைத்தனத்தை ஏற்றுமதி செய்தாயா என்று இங்கிலாந்தைக் கேட்கும் வரிகள். எதற்கும் காப்புரிமைச் சிக்கல் இல்லை. முழு யூனிட்டுக்கு இப்போது இடமில்லை என்றால், ஏரிப் பகுதியையும் ஜான்சன் கடிதத்தையும் மட்டுமாவது இன்டர்னல் அசைன்மென்ட்டுக்கு வையுங்கள்.

அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் இதைச் சேர்த்துப் பேசுங்கள். பகுதிகளைத் தேர்ந்தெடுக்கவும் குறிப்பு எழுதவும் ஆள் வேண்டுமென்றால் நான் தயார். கேட்டால் மற்ற ஆசிரியர்களும் வருவார்கள்.

அன்புடன்,
பதினெட்டாம் நூற்றாண்டு பேப்பரை நடத்தும் ஓர் ஆசிரியர்