வலிப்பு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2020–21

தலைவர் அவர்களுக்கும், கூகுள் மீட்டில் முகத்தைக் காட்டியும் காட்டாமலும் இருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது, எல்லாம் ஃபோனில்தான். நவம்பர் 17, தேசிய வலிப்பு நோய் தினத்தன்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டோம். ஊரடங்கில் மாத்திரை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்த இளைஞர்களுக்கு நன்றி.

அடுத்து, "செயலாளருக்கு வேற வேலை இல்லை" என்று சிலர் சொன்ன வேலை. நம் பிள்ளைகளின் ஞாபகம், கவனம், பேச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்கும் நரம்பியல் உளவியல் சோதனைக்குச் சென்னைக்குத்தான் போவோம். மருந்தை மாற்றவும், அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுக்கவும் டாக்டர் கேட்பது அந்த அறிக்கையைத்தான். மார்ச் கடைசியில் பஸ், ரயில் எல்லாம் நின்றுபோனது. வீடியோவில் செய்ய முடியுமா என்று உளவியலாளர் மேடத்திடம் கேட்டேன். பாதி முடியும் என்றார்.

எண்களைத் திருப்பிச் சொல்வது, கதை கேட்டுச் சொல்வது, ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகத்தின் பெயர் வருகிறது என்று பார்ப்பது, இதெல்லாம் ஓடும். கட்டை அடுக்குவது ஓடாது. கட்டை அவர் மேசையில் இருக்கிறது. வேகம் பார்க்கும் சோதனையில் பிள்ளையின் வேகம் எது, நெட்டின் வேகம் எது என்று பிரிக்க முடியாது. போதாததற்கு, ஒப்பிட்டுப் பார்க்கும் மதிப்பெண் அட்டவணைகள் நேரில் உட்காரவைத்துச் செய்தவை. அதனால் "வீடியோ வழி நடத்தப்பட்டது" என்று அறிக்கையிலேயே குறித்துத் தந்தார். அரைகுறை அறிக்கை என்றவர்கள் மாற்று வழி எதுவும் சொல்லவில்லை.

எங்கள் மாடி அறையையும் என் டேப்லெட்டையும் கொடுத்தேன். சோதனை நேரத்தில் கீழே மிக்ஸி, குக்கர் கூடாது. இதற்காக வீட்டில் நான் வாங்கிக்கட்டிக்கொண்டதை இங்கே எழுதுவதற்கில்லை. வலிப்பு வந்தால் பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் வாய் திறக்கக் கூடாது. ஒரு பாட்டி "நாய் சொல்லுடா, நாய்" என்று காதில் ஓதிவிட்டார். அந்தப் பகுதி செல்லாமல் போனது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு சிறுமி "அஞ்சு, எட்டு" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். "சார், நெட் நின்னுடுச்சா?" என்றார் மேடம். ஆனால் அவளுக்குப் பின்னால் ஃபேன் காற்றில் காலண்டர் தாள் படபடப்பது அவருக்கும் தெரிந்தது. நின்றது நெட் இல்லை. பத்து விநாடிகூட இருக்காது, "என்ன மிஸ்?" என்றாள். வகுப்பில் கவனிப்பதில்லை என்று பள்ளியில் திட்டு வாங்கிய பிள்ளை. இதுவும் வலிப்பாக இருக்கலாம் என்று, நேரத்தைக் குறித்து அன்றே நரம்பியல் டாக்டருக்கு அனுப்பினோம்.

இவ்வளவுக்கும் தேதி வாங்கிவிட்டு வராதவர்கள் உண்டு. ஜூனில் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி எல்லோரும் பாஸ் என்றதும், "இனி சோதனை எதுக்கு சார்" என்றார் ஒருவர். இன்னொருவர் திரையில் வந்த சோதனைப் படங்களை ஃபோனில் எடுத்து நம் குழுவிலேயே போட்டுவிட்டார். முன்கூட்டிப் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சோதனை எதற்கு ஆகும்? அழிக்கச் சொன்னதற்கு என்மேல்தான் கோபம்.

வரவு செலவைப் பொருளாளர் பார்த்துச் சரி என்றார். டேட்டா ரீசார்ஜ், ஹெட்ஃபோன் என்று கொஞ்சம் போனது. கடன் இல்லை, எனக்குத் தர வேண்டியதை விட்டுவிட்டால். பொருளாளருக்கும் தணிக்கை செய்தவருக்கும் நன்றி.

கட்டை அடுக்கும் பகுதி பாக்கியுள்ள பிள்ளைகளுக்காக, நிலைமை சரியானதும் மேடம் ஒரு நாள் இங்கே வரச் சம்மதித்திருக்கிறார். ரயில் டிக்கெட்டாவது நாம் எடுக்க வேண்டாமா? அடுத்த ஆண்டு செயலாளராக யார் வந்தாலும் பதிவேட்டை ஒப்படைக்கத் தயார். மாடி அறையும் எப்போதும் போலத் திறந்திருக்கும். சந்தா பாக்கிப் பட்டியலை நான் இங்கே படிக்கவில்லை. அது பொருளாளரிடம் இருக்கிறது.