கூரை பறக்கும் முன்னே வாருங்கள்

ஊரக வளர்ச்சித் துறைக்கும் டெல்டா மாவட்ட ஆட்சியர்களுக்கும்,

வணக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விடிந்து தெருவுக்கு வந்தபோது பல வீடுகளில் நாலு சுவரும் அப்படியே நின்றன. கூரையைத்தான் காணோம். நிவாரணமாகத் தார்ப்பாய் வந்தது. அதே சுவரில் அதே மாதிரி தகரத்தை ஏற்றிக்கொண்டோம்.

காற்று கூரையை அழுத்துவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில், பத்துக்குப் பத்து அறையின் கூரையை 600 கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். அதில் போட்ட தகரம் 50 கிலோ இருந்தால் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. ஒரு ஜன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால், கீழிருந்தும் தள்ளும்.

தகரத்தை ரீப்பர் என்ற குறுக்குச் சட்டத்தில் ஆணி அடித்து நிறுத்துகிறோம். ஆனால் அந்தச் சட்டங்களைத் தாங்கும் சாய்வு மரமான கைமரம் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுவரின் தலையில் ஓடும் கான்கிரீட் பெல்ட்டோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்க வேண்டும். பெல்ட்டின் கம்பி அஸ்திவாரம் வரை இறங்க வேண்டும். ஓரத்திலும் மூலையிலும்தான் இழுப்பு அதிகம், அங்கே திருகாணி நெருக்கமாக வேண்டும். 1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை டிரேசி புயல் அழித்தபோது, விட்டுவிட்டு அடித்த காற்றில் திருகாணியைச் சுற்றித் தகரமே விரிசல் விட்டுக் கிழிந்தது. அதன் பிறகு அந்த நாடு வீடு கட்டும் விதிகளையே மாற்றியது.

எங்கள் மீனவக் குப்பங்களில் புயல் எச்சரிக்கை வந்தால் கீற்றுக் கூரைமேல் பழைய வலையை விரித்து, ஓரத்தில் கல் கட்டித் தொங்கவிடுவார்கள். கூரையைக் கட்டிப்போட வேண்டும் என்பது அவர்களுக்கு எப்போதோ தெரியும்.

அரசின் கலைஞர் கனவு இல்லம் வீட்டுத் திட்டத்தில் கான்கிரீட் கூரை வருகிறது, மனதார வரவேற்கிறேன். தகரத்துக்கும் ஓட்டுக்கும் அடியில் தூங்குகிறவர்களின் முறை வரும்வரை என்ன செய்வது? புயலுக்குப் பிறகு தரும் பணத்தில் ஒரு பங்கை முன்னாலேயே தாருங்கள், பட்டைக்கும் போல்ட்டுக்கும் ஆசாரி கூலிக்கும். சிறு வீடுகளைப் புயலுக்குத் தாங்கும்படி கட்ட ஐஎஸ் 15498 என்ற இந்தியத் தரநிலை 2004 முதலே இருக்கிறது. அதைப் படங்களோடு தமிழில் எங்கள் கொத்தனார்கள் கையில் கொடுங்கள்.

ஐப்பசி பிறந்தால் மழை தொடங்கிவிடும். ஆவணியிலேயே ஆளனுப்புங்கள். எந்தெந்த வீட்டில் கைமரம் கட்டில்லாமல் கிடக்கிறது என்று நாங்களே கூட வந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
வேதாரண்யம் வட்டத்திலிருந்து ஒரு குடிமகன்